பெயருக்குப் பக்கத்தில் 'தீவிரப்போக்காளர்' என்று எழுதலாமா?

வினா: கொக்குவில் குறிப்பாளன்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, மதத்தையும் சாதியையும் முன்வைத்து வெறுப்பைத் தூண்டும் பேச்சுகளை முகநூல், யூடியூப், கூட்ட மேடை ஆகியவற்றிலிருந்து ஓராண்டாகத் திரட்டி வருகிறோம். 2013 இற்குப் பின் நடைபெறாதிருக்கும் வட மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்பட்டால் இத்தகைய பேச்சு இன்னும் பெருகும் என்று எண்ணுகிறோம். ஆகவே இருபத்துமூன்று பேரின் பெயர், படம், அவர்களைப் பற்றிய ஒற்றைச் சொல் வகைப்பாடு ஆகியவற்றைக் கொண்ட பட்டியலொன்றை வெளியிடலாம் என்பது எங்களுள் பெரும்பான்மையோரின் கருத்து. முன்மொழியப்பட்டிருக்கும் சொல் 'தீவிரப்போக்காளர்'.

எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை; காரணத்தைத் தெளிவாகச் சொல்லவும் தெரியவில்லை. பட்டியலில் இருப்பவர்களுள் ஒருவர், பள்ளிவாசலொன்றின் முன் கூட்டம் கூட்டி, கடைகளை அடித்து நொறுக்குமாறு வெளிப்படையாகச் சொன்னவர். இன்னொருவர் பசுவதைக்கு எதிரான பதாகையொன்றைப் பகிர்ந்து அதன் கீழ் இரண்டு கடுஞ்சொற்களை எழுதிய ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். இருவருக்கும் ஒரே சொல்தான். அமெரிக்காவில் இத்தகைய பட்டியல்களை நெடுங்காலமாக வெளியிடும் அமைப்புகள் உண்டு என்றும், அவற்றால் ஆட்கள் தாக்கப்பட்டார்கள் என்றும், இல்லை, அது மிகைப்படுத்தல் என்றும் இரு விதமாகப் படித்தேன். அங்கு உண்மையில் நடந்தது என்ன? எங்களைப் போன்ற சிறு குழு அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும்?

மறுமொழி: திருநெல்வேலி நூலகவாசி

நீங்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் சதர்ன் பொவர்ட்டி லோ சென்டர் (தெற்கு வறுமைச் சட்ட மையம்) என்ற அமைப்பாக இருக்கும். 1971 இல் அலபாமா மாநிலத்தின் மொன்ட்கொமரி நகரில் தொடங்கப்பட்ட அந்தச் சட்ட உதவி அமைப்பு, பின்னாளில் 'வெறுப்புக் குழுக்கள்' என்று தான் கருதுபவற்றை நாட்டின் வரைபடத்தில் புள்ளியிட்டு ஆண்டுதோறும் வெளியிடத் தொடங்கியது. பத்திரிகைகளும் நிறுவனங்களும் பொலிஸ் பயிற்சியாளர்களும் அந்தப் பட்டியலை ஏறத்தாழ அரச ஆவணம் போல மேற்கோள் காட்டினார்கள். அரசு தடைசெய்தால் வழக்குத் தொடரலாம். தனியார் அமைப்பின் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பிக்க அத்தகைய நேர்வழி எதுவும் இல்லை. இவ்வகைப் பட்டியலின் அதிகாரமும் ஆபத்தும் இதற்குள்தான் இருக்கின்றன.

வன்முறைக்கும் பட்டியலுக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்பட்ட நிகழ்வாக நான் உறுதியுடன் சொல்லக்கூடியது ஒன்று. ஃபேமிலி ரிசேர்ச் கவுன்சில் என்ற பழமைவாதக் கிறிஸ்தவ அமைப்பு 2010 இல் மேற்படி பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2012 ஓகஸ்ட் 15 அன்று வொஷிங்டனில் உள்ள அதன் தலைமையகத்துக்குள், ஏறத்தாழ நூறு தோட்டாக்களுடன் ஒருவர் நுழைந்தார். அவரைத் தடுத்த காவலாளி கையில் சுடப்பட்டபோதும் அவரை மடக்கிப் பிடித்துவிட்டார். உயிரிழப்பு எதுவும் இல்லை. இலக்கை எங்கே கண்டெடுத்தீர்கள் என்று விசாரணையாளர் கேட்டபோது, அந்த மையத்தின் இணையத்தளத்திலிருந்து என்று அவரே சொன்னார். 2013 இல் அவருக்கு இருபத்தைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மையம் தாக்குதலைக் கண்டித்தது. அதன் கண்டனம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இவர்கள் சொல்லும் இன்னின்ன கூற்றுகள் பொய்' என்ற நீண்ட விளக்கத்தை வாசித்துவிட்டு அந்த மனிதர் புறப்பட்டதாகத் தெரியவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது முகவரியும் ஒரு சொல்லும் மட்டுமே.

ஏனைய நிகழ்வுகளில் கூடுதல் கவனம் வேண்டும். 2017 மார்ச்சில் மிடில்பரி கல்லூரிக்கு உரையாற்ற வந்த எழுத்தாளர் சார்ல்ஸ் மறேயை, மையத்தின் பக்கம் 'வெள்ளைத் தேசியவாதி' என்று குறித்திருந்தது. எதிர்ப்பாளர்கள் அந்தச் சொல்லையே ஏந்தினார்கள். கைகலப்பில் காயமடைந்தவரோ, அவரை நேர்காண வந்த பேராசிரியர் அலிசன் ஸ்டேன்ஜர். அவருடைய அரசியல் மறேயின் அரசியல் அன்று. அதே ஆண்டு ஜூன் 14 அன்று அலெக்சாண்ட்ரியாவில் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பேஸ்போல் பயிற்சியில் இருந்தபோது அவர்களைச் சுட்டவர், முகநூலில் அந்த மையத்துக்கு விருப்பக்குறி இட்டிருந்தார் என்பதைப் பலர் பெரிதாக எழுதினார்கள். விருப்பக்குறியை வைத்துத் துப்பாக்கிச் சூட்டுக்குக் காரணம் கண்டுபிடிப்பது, பட்டியல்காரர்கள் ஆட்களை அளக்கும் அதே முழக்கோலைத் திருப்பிப் பிடிப்பதுதான்.

இந்தத் தவறு எத்தரப்புக்கும் நேரும் என்பதற்கு அதே நாளே சாட்சி. அன்று மாலை நியூயோர்க் ரைம்ஸ் தன் ஆசிரியர் தலையங்கத்தில், 2011 ஜனவரியில் ரூசன் நகரில் காங்கிரஸ் உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ் சுடப்பட்டதற்கும், குடியரசுக் கட்சி அரசியல்வாதி சாரா பேலினின் அரசியல் குழு துப்பாக்கியின் குறிபார்க்கும் அடையாளங்களிட்டு வெளியிட்டிருந்த தேர்தல் வரைபடத்துக்கும் தொடர்பு இருப்பதாக எழுதியது. அத்தகைய தொடர்பு நிறுவப்படவில்லை. பத்திரிகை மறுநாளே திருத்தம் வெளியிட்டது. பேலின் தொடர்ந்த வழக்கு 2025 வரை இழுபட்டு, இரண்டு முறையும் யூரிமார் பத்திரிகைக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார்கள்.

2025 செப்டெம்பர் 10 அன்று யூட்டா வலி பல்கலைக்கழகத்தில் பழமைவாதச் செயற்பாட்டாளர் சார்லி கேர்க் சுட்டுக் கொல்லப்பட்ட பின் இந்த விவாதம் மீண்டும் பற்றிக்கொண்டது. அவர் நிறுவிய ரேர்னிங் பொயின்ற் யூ.எஸ்.ஏ. அமைப்பைப் பற்றி, அதே ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த மையத்தின் ஆண்டறிக்கை தனியாக எழுதியிருந்தது. ஒக்டோபரில் எஃப்.பி.ஐ. பணிப்பாளர் காஷ் பட்டேல் அந்த மையத்துடனான தொடர்பை முறித்துக்கொண்டார். ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று ஆகிவிடாது. கேர்க்கின் அமைப்பே 2016 முதல் 'பேராசிரியர் கண்காணிப்புப் பட்டியல்' ஒன்றை நடத்தியது என்பதையும், அதில் பெயர் வந்த விரிவுரையாளர்கள் பலருக்கு மிரட்டல்கள் வந்தன என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மறுமொழி: வண்ணார்பண்ணை ஓய்வாசிரியர்

தம்பி, அமெரிக்காவைப் பற்றி மேலே எழுதியவர் நிதானமாக எழுதியிருக்கிறார். நான் நம்முடைய ஊரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பாடத்தை நாம் அவர்களுக்கு முன்பே, அவர்களைவிட அதிக விலை கொடுத்துப் படித்தவர்கள்.

1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நான் அப்போது பள்ளி மாணவன். அதற்கு முந்திய ஆண்டு ஜனவரி 10 அன்று, தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், பொலிசாரின் நடவடிக்கையால் உயிர்கள் போயிருந்தன. அந்தப் பழி முதல்வர்மேலும் விழுந்தது. ஆனால் அவரைத் 'துரோகி' என்று அழைக்கும் வழக்கம் அதற்கு முன்பே மேடைகளில் தொடங்கிவிட்டது. அந்த மேடைகளில் பேசியவர்கள் சட்டத்தரணிகள், பாராளுமன்றம் சென்றவர்கள். தங்கள் கையால் ஒரு கல்லைக்கூட எறிந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் கைதட்டல் வாங்கும் சொல். கீழே நின்று கேட்ட இளைஞர் சிலருக்கோ அது இட்ட பணி. பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1989 ஜூலை 13 அன்று, அதே மேடைகளின் முதன்மைப் பேச்சாளராக இருந்த அமிர்தலிங்கம் கொழும்பில் தம் இருப்பிடத்தில் வைத்துக் கொல்லப்பட்டபோது அவர்மேல் சுமத்தப்பட்டதும் அதே சொல்தான்.

ஆகவே, எழுதுபவர் வேறு, சுடுபவர் வேறு என்ற நிலை அமெரிக்காவுக்கே உரியது என்று எவரும் எண்ண வேண்டாம். இங்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பின்னர் இரண்டும் ஒரே கையில் சேர்ந்தன.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் புதிதாக நியமனம் பெற்று, காலையில் சைக்கிளில் பாடசாலைக்குப் போகும்போது, சந்தியொன்றில் லைற் கம்பத்தில் கட்டப்பட்டிருந்த ஒருவரின் உடலைக் கண்டேன். கழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. 'சமூக விரோதி' என்ற இரண்டு சொற்களைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. எனக்கு இன்றுவரை நினைவிலிருந்து அகலாதது அந்த உடலைவிட, அங்கு நின்றவர்களின் பேச்சுத்தான். களவெடுத்தவனாம் என்றார் ஒருவர். இல்லை, ஆமிக்கு ஆள் காட்டினவனாம் என்றார் இன்னொருவர். பெண் விவகாரம் என்றார் மூன்றாமவர். மட்டையில் குற்றம் எழுதப்படாததால் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தெரிந்த குற்றத்தை அதில் எழுதிக்கொண்டார்கள். எவரும் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போகவில்லை. உங்கள் பட்டியலில் உள்ள ஓய்வுபெற்ற உத்தியோகத்தரைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு அந்த மட்டைதான் நினைவுக்கு வந்தது. அவர் செய்தது இரண்டு கடுஞ்சொல் எழுதியது. 'தீவிரப்போக்காளர்' என்பதை வாசிப்பவர், பள்ளிவாசலின் முன் நின்றவரின் செயலையும் அவர் கணக்கில் எழுதிவிடுவார்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் அரைவாசி சொன்னவனாவேன். தெற்கில் 'கொட்டியா' (சிங்களத்தில் புலி) என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. மனித உரிமை பேசிய பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்படுவதற்கு முன், அவரைப் புலி என்று சொன்னவர்களும் தங்களை வெறும் கருத்துச் சொன்னவர்களாகவே கருதியிருப்பார்கள்.

மறுமொழி: பருத்தித்துறைக் கரையான்

ஆசிரியர் ஐயாவின் மீது மதிப்பு வைத்தே இதை எழுதுகிறேன். இப்படியே அஞ்சிக்கொண்டிருந்தால் யாருடைய பெயரையும் சொல்ல இயலாது; பெயர் சொல்லாத இடத்தில் வெறுப்பைப் பரப்புபவருக்குத்தான் வசதி. 2014 ஜூன் 15 அன்று அளுத்கமவில் பொதுபல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பின் கூட்டத்துக்குப் பின் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அந்த அமைப்பு பேசி வந்ததை வெளிப்படையாகப் பெயரிட்டுக் கண்டிக்க வேண்டியவர்கள் வாய்மூடி இருந்தார்களே, அந்த மௌனத்தால் யாருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது?

அமெரிக்க மையத்தைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். 1981 இல் அலபாமாவின் மொபீல் நகரில் மைக்கல் டொனால்ட் என்ற கறுப்பின இளைஞரை வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் உறுப்பினர்கள் கொன்றபோது, அவருடைய தாயார் சார்பில் வழக்காடி, 1987 இல் ஏழு மில்லியன் டொலர் தீர்ப்புப் பெற்று அந்தக் கிளான் பிரிவையே முடக்கியவர்கள் அவர்கள்தாம். 1983 இல் அவர்களுடைய அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. பட்டியலிட்டவர்களும் வன்முறைக்கு இலக்கானார்கள் என்பதை இந்த உரையாடலில் எவரும் சொல்லவில்லை.

மறுமொழி: திருநெல்வேலி நூலகவாசி

சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. ஆனால் நீங்கள் தந்த எடுத்துக்காட்டையே சற்று உற்றுப் பாருங்கள். 1987 இல் அவர்கள் வென்றது நீதிமன்றத்தில். கொலை என்ற ஒரு செயல், அதைச் செய்தவர்கள், அந்த அமைப்பு அதற்கு எவ்வாறு பொறுப்பு என்பதற்கான ஆதாரம், எதிர்த்தரப்புக்கு மறுத்துரைக்க வாய்ப்பு ஆகிய எல்லாம் அங்கு இருந்தன. பட்டியலில் இவற்றுள் எதுவும் கட்டாயமில்லை.

அந்த வேறுபாட்டின் விலையை அந்த மையமே பின்னர் செலுத்தியது. 2014 இல் மருத்துவர் பென் கார்சனைத் தீவிரவாதிகள் வரிசையில் சேர்த்து, 2015 பெப்ரவரியில் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். 2016 இல் 'முஸ்லிம் எதிர்ப்புத் தீவிரவாதிகள்' என்ற கையேட்டில் மஜீத் நவாஸின் பெயரைச் சேர்த்தார்கள். அவரோ ஒரு முஸ்லிம். இஸ்லாமியவாத அமைப்பொன்றிலிருந்து விலகி, அதற்கு எதிராகப் பணியாற்றி வந்தவர். அதே கையேட்டில், இஸ்லாத்தை விமர்சித்து எழுதிவந்த அயான் ஹிர்சி அலியின் பெயரும் இருந்தது. ஏற்கெனவே ஆயுததாரிகளின் கொலை மிரட்டலுக்கு உள்ளாகி, பாதுகாவலருடன் வாழ்ந்து வந்த ஒருவரைப் 'பகைவர்' என்று இன்னொரு தரப்பும் எழுதித் தருவது எத்தகைய உதவி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 2018 ஜூனில் நவாஸிடம் மன்னிப்புக் கேட்டு, 33 இலட்சத்து 75 ஆயிரம் டொலர் கொடுத்துத்தான் அந்த விவகாரத்தை முடித்தார்கள். உங்கள் ஏழு பேரிடம் அவ்வளவு பணம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அது வேறு விடயம்.

மறுமொழி: மானிப்பாய் மொழிபெயர்ப்பாளர்

இடையில் ஒரு சிறு குறிப்பு. ஆங்கிலத்தில் உள்ள 'எக்ஸ்ட்ரீமிஸ்ட்' என்ற சொல்லைத் தமிழில் 'தீவிரவாதி' என்று எழுதினால் நம் வாசகர் காதில் ஆயுதம் ஏந்தியவர் என்றே விழும், ஏனெனில் தமிழகப் பத்திரிகைகள் அந்தச் சொல்லை நெடுங்காலமாக அந்தப் பொருளில்தான் ஆண்டு வருகின்றன. 'கடும்போக்காளர்' சற்று இலேசானது. 'தீவிரப்போக்காளர்' இரண்டுக்கும் நடுவே தொங்குகிறது. சிங்களத்தில் 'அந்தவாதி' (தீவிரப்போக்காளர்) வேறு, 'த்ரஸ்தவாதி' (பயங்கரவாதி) வேறு. ஆனால் செய்தியாளர் அவசரத்தில் மொழிபெயர்க்கும்போது முன்னது பின்னதாக மாறியதை நான் என் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில் அந்த வழுக்கல் ஒருவரைத் தடுப்புக் காவல்வரை கொண்டுபோகலாம். 2014 மார்ச் வர்த்தமானியில் 16 அமைப்புகளும் 424 தனியாட்களும் பயங்கரவாதத் தொடர்புடையவர்கள் என்று பட்டியலிடப்பட்டதையும், அவற்றுட் சில 2015 இல் நீக்கப்பட்டு 2021 இல் மீண்டும் சேர்க்கப்பட்டதையும் மறந்துவிட வேண்டாம். ஒற்றைச் சொல்லைச் சரியாக மொழிபெயர்ப்பது கடினம். 'இன்ன நாள் இன்ன கூட்டத்தில், கடைகளை அடித்து நொறுக்குமாறு கூறினார்' என்ற வாக்கியம் எந்த மொழிக்குப் போனாலும் அதுவாகவே போய்ச் சேரும்.

மறுமொழி: கொக்குவில் குறிப்பாளன்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன மட்டையைப் பற்றி எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன்; சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஒருவர் கேட்டார்: வாக்கியமாக எழுதினால் மட்டும் தாக்குதல் நடக்காதா? செயலை ஆதாரத்துடன் எழுதினாலும் அதைப் படித்துவிட்டு ஒருவர் கல்லெடுக்கலாமே?

மறுமொழி: சுண்டுக்குளிச் சட்டக்காரி

நடக்கலாம். எழுதியவருக்கு அதன்மேல் முழுக் கட்டுப்பாடு ஒருபோதும் இல்லை. ஆனால் குறைக்கக்கூடியவை உண்டு. வீட்டு முகவரி, வேலைத்தலம், பிள்ளைகள் இருக்கும் படம் ஆகியவற்றுக்கு உங்கள் பக்கத்தில் இடமே இருக்கக்கூடாது. வொஷிங்டனில் நடந்தது ஓர் அலுவலகத்தில், இங்கோ ஒழுங்கையின் பெயரைச் சொன்னாலே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியிடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவருக்கு எழுதி அவருடைய பதிலைப் பெற்று, அதையும் குறைக்காமல் போடுங்கள். சொன்னதை அவர் மீளப்பெற்றிருந்தால் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அது இருக்க வேண்டும். சாதாரண முகநூல் பாவனையாளரை மேடைப் பேச்சாளருடன் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டாம். பொது வாழ்வுக்கு வந்தவர் விமர்சனத்தைச் சுமக்கக் கடமைப்பட்டவர், மற்றவர் அப்படியல்லர்.

சட்டநிலையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது. குடியியல் வழக்குத் தொடரும் உரிமை இன்றும் உண்டு. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகளைப் பற்றியும் பேசுகிறது என்பதால், உங்களால் நிறுவ முடியாத ஒரு பெயர்ச்சொல் உங்களையே மாட்டிவிடலாம். பள்ளிவாசலின் முன் பேசியவரின் பேச்சு, 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சட்டத்தின் 3 ஆம் பிரிவுக்குள் வரக்கூடும். அந்தப் பிரிவை ஆட்சியாளர்கள் எழுத்தாளர் மீதும் ஏவியிருக்கிறார்கள் என்ற கசப்பு எனக்கும் உண்டு. இருந்தாலும், கடைகளை உடைக்கச் சொன்னவருக்கு உரிய இடம் உங்கள் பட்டியலன்று, முறைப்பாட்டுப் புத்தகம்.

மறுமொழி: வண்ணார்பண்ணை ஓய்வாசிரியர்

தம்பி, அந்த உத்தியோகத்தரை உங்களுள் யாராவது நேரில் கண்டு பேசினீர்களா?

மறுமொழி: கொக்குவில் குறிப்பாளன்

இல்லை ஐயா. நேற்று இரவு மீண்டும் கூடினோம். வகைப்பாட்டுப் பத்தியை நீக்கிவிட்டோம். இருபத்துமூன்று பேரில் பதினொருவர் பொது மேடையில் பேசாத சாதாரண பாவனையாளர்கள் என்பதால் அவர்களுடைய பெயர்களை முற்றாக எடுத்துவிட்டோம். இருவர் அதை ஏற்கவில்லை, அவர்களுள் ஒருவர் குழுவிலிருந்து விலகியும் விட்டார். எஞ்சிய பன்னிருவருக்கும், அவர்கள் சொன்னதாக நாங்கள் பதிந்திருக்கும் வாக்கியங்களை அனுப்பி, இரண்டு கிழமைக்குள் பதில் தருமாறு கடிதம் எழுதுகிறோம். உத்தியோகத்தரை ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்க்கிறேன், பட்டியலுக்காக அன்று.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. பள்ளிவாசலின் முன் நிகழ்ந்த பேச்சின் காணொளி யூடியூபிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எங்களிடம் இருப்பது அதைக் கேட்டு ஒருவர் கையால் எழுதிய குறிப்பு மாத்திரமே. அதை வைத்து முறைப்பாடு செய்யவோ வாக்கியம் எழுதவோ நான் உடன்படமாட்டேன். முழுமையான காணொளியை வெட்டாமல் தரவிறக்கி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், பதிவேற்றப்பட்ட நாள் தெரியும் வண்ணம் தனிமடலில் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.